மோட்டார் ரிமோட் டப்பால பேண்ட்விட்த்தையும் போடணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்க கிணறு வீட்ல இருந்து ஒன்றரை கிலோமீட்டருங்க, நடுவுல பூரா தென்னந்தோப்பு. ராத்திரி த்ரீ பேஸ் கரண்ட் எப்ப வருதோ அப்ப டார்ச் எடுத்துட்டு ஓடணும், அந்த தொல்லை வேண்டாம்னு 865 மெகாஹெர்ட்ஸ் லோரா (கம்மி பவர்ல ரொம்ப தூரம் போற ரேடியோ முறை) மோட்டார் ரிமோட் ஒண்ணு வாங்குனேன், பாதி தோப்பு கூட தாண்டல. கடைல கேட்டா "100 மில்லிவாட் பத்தாதுங்கண்ணா, 1 வாட் மாடல் எடுங்க"ன்னாங்க. எடுத்தேன், அதுவும் கிணறு வரைக்கும் போகல, பேட்டரி மட்டும் சீக்கிரம் தீந்துச்சு.

பவர் கணக்கு அப்படித்தாங்க. வெட்ட வெளில தூரம் ரெண்டு மடங்கு ஆகணும்னா பவர் 4 மடங்கு வேணும், தரையோட தரையா மரத்துக்குள்ள போறப்ப 16 மடங்கு கூட கேக்கும். நான் ஏத்துனது 10 மடங்கு தான். லைசன்ஸ் இல்லாம 1 வாட்டுக்கு மேல போகவும் கூடாது.

அப்புறம் டிப்ளமா படிச்ச அக்கா பையன் வந்து அந்த பழைய 100 மில்லிவாட் செட்டையே லேப்டாப்ல மாட்டி பாத்தான். பேண்ட்விட்த், அதாவது சிக்னல் எடுத்துக்கற அலைவரிசை அகலம், 500 கிலோஹெர்ட்ஸ்ல இருந்துச்சு. ரிசீவர் எவ்வளவு அகலமா காத தொறந்து வைக்குதோ அவ்வளவு இரைச்சலும் உள்ள வரும் மாமா, பாதியா சுருக்குனா இரைச்சலும் பாதி, பவர ரெண்டு மடங்கு ஏத்துன மாதிரி தான்னு சொல்லிட்டு 125க்கு எறக்குனான், ஸ்ப்ரெடிங் ஃபேக்டர (சிக்னல எவ்வளவு இழுத்து மெதுவா அனுப்பணும்ங்கற அளவு) 7ல இருந்து 12 ஆக்குனான், ஆன்டெனாவ மொட்டை மாடி பைப்புல கட்டுனான், அவ்வளவு தான். இப்ப பட்டன் அமுக்குனா ஒரு செகண்ட் போல ஆகி ஸ்டார்ட்டர் டக்குனு விழுது. இப்படி சுருக்குனா வேகம் கொறையும் தான், ஆனா மோட்டார் ஆன் பண்ண நாலு எழுத்து போனா போதும், அதுக்கு எதுக்குங்க வேகம்?

பொழுதுபோக்கா ரேடியோ வச்சிருக்கற ஹாம் ரேடியோக்காரங்க 200 மில்லிவாட்ல கடல் தாண்டி சிக்னல் அனுப்பறாங்க. நோபல் பரிசு வாங்குன ஜோ டெய்லர் 2008ல கொண்டு வந்த விஸ்பர் முறை அது, வெறும் 6 ஹெர்ட்ஸ் அகலம், ஒரு மெசேஜ் போக ரெண்டு நிமிஷம் கிட்ட ஆகும். அந்த அளவுக்கு நம்ம செட்ட சுருக்க முடியாதுங்க, கிணத்துமேட்டு தகர பெட்டி வெயில்ல கொதிச்சா உள்ள ஃப்ரீக்வன்சிய புடிச்சு வைக்கற கிரிஸ்டல் நகந்துரும், அவ்வளவு குறுகலான சிக்னல ரிசீவர் தவற விட்டுரும்.

ஆனா டப்பால வாட்ஸ மட்டும் கொட்டை எழுத்துல போட்டு விக்கறது சரியில்லைங்க. பேண்ட்விட்த், ரிசீவர் சென்சிட்டிவிட்டி (எவ்வளவு மெலிசான சிக்னல் வரைக்கும் புடிக்கும்ங்கறது), எந்த செட்டிங்ல எத்தனை தூரம்னு பாத்தாங்க, இத்தனையும் தமிழ்லயே போடணும். இதப்பத்தி உங்க விவசாய பக்கத்துல ஒரு கட்டுரை போடுங்க, எங்க ஊர்லயே இன்னும் நாலு பேர் 1 வாட் மாடலுக்கு காசு சேத்துட்டு இருக்காங்க.

இப்படிக்கு,
ஒரு தென்னை விவசாயி, பொள்ளாச்சி