அவங்களுக்கு மட்டும் ஏன் சம்பளப் பிடித்தம் கிடையாது?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

சட்டசபைக்கு வராத எம்.எல்.ஏ.க்கள் சம்பளத்துல கை வைக்கிறது சரியில்ல, அவங்களுக்குத் தொகுதியிலயும் வேலை இருக்குன்னு போன வாரம் தலையங்கத்துல எழுதியிருந்தீங்க. பல வருஷமா எங்க வீட்டுல உங்க பேப்பர்தான், அதனாலயே அந்த வரி ரொம்ப வலிச்சுது.

நான் வியாசர்பாடியில இருந்து அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு செக்கிங் வேலைக்குப் போறவ. காலைல மெஷின்ல கைரேகை வைக்கணும். நூல் பிசிறு வெட்டி வெட்டி விரல் தேஞ்சுபோய் சில நாள் மெஷின் எடுக்கவே எடுக்காது, துப்பட்டாவுல துடைச்சு துடைச்சு வைக்கிறதுக்குள்ள டைம் தாண்டிடும், அரை நாள் சம்பளம் போச்சு. ஆள் எதிர்லயே நிக்கிறேன், சூப்பர்வைசர் பாத்துக்கிட்டேதான் இருக்காரு, ஆனா "மெஷின்ல ஏறலம்மா"ன்னு முடிச்சிடுவாரு. 2015 டிசம்பர் வெள்ளத்துல பஸ்ஸும் இல்ல, வீட்டுக்குள்ள தண்ணி, அந்த நாளுக்கும் பிடிச்சாங்க. எனக்கும் வீட்டுல வேலை இருந்துச்சு ஐயா, யாரு கேட்டாங்க?

கவர்மென்ட் ஸ்டாஃப் கதையும் உங்களுக்குத் தெரியும். 2003ல ஸ்ட்ரைக் பண்ணாங்கன்னு ஒண்ணரை லட்சம் பேருக்கு மேல வேலைய விட்டே தூக்குனாங்க, எங்க சித்தப்பாவும் அதுல ஒருத்தரு, திரும்ப எடுக்குற வரைக்கும் அந்த வீட்ல பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இன்னிக்கும் ஸ்ட்ரைக்னா வேலை பாக்கலன்னா சம்பளம் இல்லன்னு கோட்டையில இருந்துதான் சர்க்குலர் வருது. அதே கோட்டையில வந்து உக்கார வேண்டியவங்களுக்கு அந்த விதி ஏன் பொருந்தாது?

60 நாள் அனுமதி இல்லாம வரலன்னா பதவியே போகும்னு அரசியல் சட்டத்துல இருக்குன்னு சொல்றீங்க. சபையை நாலு நாளுக்கு மேல ஒத்திவச்சா அந்த நாளெல்லாம் அந்தக் கணக்குலயே வராதுங்கறதை ஏன் எழுதல? நம்ம சட்டசபை கூடுற நாளே கம்மி, இதுல 60 எப்போ நிரம்பும்? சம்பளத்தைக் குறைக்கிறது முடியாத காரியம் மாதிரியும் எழுதியிருக்கீங்க, 2020 கொரோனாவுல எம்.பி.க்கள் சம்பளத்தை ஒரு வருஷத்துக்கு 30 சதவீதம் குறைச்சாங்களே. எம்.பி.க்களுக்குத் தினப்படியும் சபைக்கு வந்ததைப் பதிவு பண்ணாத்தான். நம்ம எம்.எல்.ஏ.க்கள் சம்பளச் சட்டத்தைப் போடுறதும் அவங்களே, ஏத்திக்கிறதும் அவங்களே. 2017 ஜூலையில டெல்லி ஜந்தர் மந்தர்ல நம்ம விவசாயிங்க போராடிட்டு இருந்தப்போதான் 55,000 ரூபாயை 1,05,000 ஆக்கினாங்க, அன்னிக்கு எந்தத் தடையும் வரலையே.

தொகுதி வேலைன்னீங்களே, எங்க தெருவுல குழாயில சாக்கடைத் தண்ணி கலந்து வருதுன்னு மனு எடுத்துட்டுப் போனா சட்டசபை நடக்குது, சார் அங்க இருக்காருன்னு அனுப்பிட்டாங்க. அங்க போனாரா இல்லையான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது?

நான் கேக்குறது பெரிசா ஒண்ணுமில்ல. ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிஞ்சதும் சென்னையில இருக்குற 16 தொகுதி எம்.எல்.ஏ.க்களும் எத்தனை நாள் சபைக்கு வந்தாங்கன்னு கேட்டு வாங்கி, ஒரு சின்ன கட்டத்துல போடுங்க. தங்கம் விலை போடுற இடத்துக்குப் பக்கத்துல போட்டாக்கூட போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, வியாசர்பாடி, சென்னை