செம்புத் தகட்டில் தப்பித்த ஓவியம்

ஆசிரியருக்கு,

வத்திக்கானில் உள்ள சிஸ்டைன் தேவாலயத்தின் ‘இறுதித் தீர்ப்பு’ சுவரோவியம் பற்றிய கட்டுரை அருமை. ஆனால் அந்த ஓவியத்தின் பழைய அச்சுப் படங்களை வெறும் மலிவு நகல் என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது சரியில்லை.

மைக்கேலாஞ்சலோ 1541-இல் முடித்த ஓவியத்தை, செதுக்கோவியர் ஜூலியோ பொனசோனே 1546 வாக்கிலேயே செம்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டுவிட்டார். நிர்வாண உருவங்களுக்கு ஓவியர் தானியேலே தா வோல்தெர்ரா ஆடை வரைந்து போர்த்தியது அதற்கு அப்புறம், 1565-இல். புனித கத்தரீனா இருந்த பகுதியைப் பெயர்த்தெடுத்து, புதுச் சாந்து பூசியே வரைந்தார். அங்கே முதலில் என்ன இருந்தது என்று பார்க்க, இந்த அச்சுகளும் ஒன்றிரண்டு பழைய நகல் ஓவியங்களும்தான் துணை. அச்சில் வண்ணம் கிடையாது, செதுக்கியவரின் கைவரிசையும் கலந்திருக்கும். அது வேறு விஷயம்.

அடுத்த முறை அப்படி ஒரு அச்சுப் படத்தையும் வெளியிடுங்களேன்.

- வாசகர், திருச்சி