நாலு கரண்டி சர்க்கரை

எல்லோருக்கும் வணக்கம்.

வேலூரில் நெஞ்சுக் கட்டி ஆபரேஷன் முடிந்து அப்பா நேற்று சாயங்காலம் ஆரணி வந்து சேர்ந்துவிட்டார். திண்ணையில் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை.

வேலூருக்கு வந்து ரத்தம் கொடுத்த தம்பிகள், தறியில் பாதியில் நின்ற சேலையை நெய்து முடித்துக் கூலியை அம்மா கையில் கொடுத்த பக்கத்து வீட்டு மாமா, முன்பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத முதலாளி, நுரையீரல் உறையில் வளர்ந்திருந்த ஒன்றரைக் கிலோ கட்டியைப் பக்குவமாக எடுத்த டாக்டர்கள், நெஞ்சுக்குழாய் பாட்டிலில் குமிழி வருகிறதா என்று ராத்திரியெல்லாம் குனிந்து பார்த்த சிஸ்டர்கள், எல்லோருக்கும் எங்கள் குடும்பமே கடமைப்பட்டிருக்கிறது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது உங்களில் யாருக்கும் தெரியாத ஒருவருக்காக. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு சந்தில் டீக்கடை வைத்திருக்கும் அண்ணன். பேர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அப்பாவுக்கு இருந்தது சாலிட்டரி ஃபைப்ரஸ் டியூமர் என்ற கட்டி. பீடி, சிகரெட்டாலோ ஆஸ்பெஸ்டாஸ் தூசியாலோ வருவதில்லை. பெரும்பாலும் புற்றாகவும் இருக்காது, முழுசாக எடுத்துவிடுவதுதான் வைத்தியம். ஆனால் சிலருக்கு அந்தக் கட்டி இன்சுலின் மாதிரி ஒன்றைச் சுரந்துவிடும். வயிறு காலியாக இருக்கும் விடியற்காலையில் ரத்தத்தில் சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும். 1930இலேயே டோகே, பாட்டர் என்று இரண்டு டாக்டர்கள் இதைத் தனித்தனியாக எழுதி வைத்திருக்கிறார்களாம். நாங்களோ, அப்பா விடிகாலையில் உளறியபோதெல்லாம் காத்து கருப்பு என்று மந்திரித்துக்கொண்டிருந்தோம்.

ஆபரேஷன் தேதிக்காக லாட்ஜில் காத்திருந்த முதல் ராத்திரி. இரண்டரை மணிக்கு அப்பாவின் பனியன் வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. என்னை யார் என்று கேட்டார். சர்க்கரை பார்க்கும் மெஷினில் வெறும் 38. வாங்கி வைத்திருந்த குளுக்கோஸ் டப்பா காலி. கீழே ஓடினேன். சந்து முழுக்க ஷட்டர். ஒரே ஒரு கடையில் மட்டும் லைட் எரிந்தது. அந்த அண்ணன் பாய்லரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "சர்க்கரை" என்பதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. அவர் ஒன்றும் கேட்கவில்லை. தம்ளரில் நாலு கரண்டி சர்க்கரையைப் போட்டுத் தண்ணீர் விட்டுக் கலக்கிக்கொண்டே எனக்கு முன்னால் மாடிப்படி ஏறினார். அப்பா தலையைத் தன் தோளில் சாய்த்து மடக்கு மடக்காகக் குடிக்க வைத்தார். அடியில் கரையாமல் நின்றதையும் விரலால் வழித்து நாக்கில் தடவினார். கால் மணி நேரம் கழித்து அப்பா, "ஏம்மா, இன்னும் தூங்கலியா?" என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அப்புறம் பதினோரு ராத்திரி, இரண்டு மணிக்கு எங்கள் கதவு தட்டப்படும். இனிப்பாக ஒரு டீ, கூடவே இரண்டு பன். நான் அசந்து தூங்கிவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்கே பயமாம். காசு நீட்டினால், "மொதல்ல அவரு எழுந்து வரட்டும், அப்புறம் வாங்கிக்கிறேன்" என்பார். அவருக்கு நாங்கள் யார்? தினமும் எத்தனை ஊர், எத்தனை பாஷை அந்தச் சந்து வழியாகப் போகிறது!

கட்டியை எடுத்த அன்றே சர்க்கரை நூற்றுக்கு மேல் ஏறி நின்றுவிட்டது. இத்தனை நாள் கழித்து அன்று ராத்திரிதான் நான் விடிய விடியத் தூங்கினேன்.

இந்தக் கட்டி பல வருஷம் கழித்தும் திரும்ப வரலாமாம். அதனால் ஸ்கேனுக்கு வருஷக்கணக்கில் வேலூர் போக வேண்டியிருக்கும். போகும்போதெல்லாம் அந்தச் சந்து லாட்ஜ்களில் துணைக்கு ஆளில்லாமல் இருப்பவர்களுடன் ஒரு ராத்திரியாவது கண்விழிப்பேன். இது என் வேண்டுதல். இன்னொன்று, வீட்டில் யாராவது விடிகாலையில் வியர்த்து உளறினால் தயவுசெய்து சர்க்கரையைப் பாருங்கள்.

டிஸ்சார்ஜ் ஆன அன்று அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு கடை வரைக்கும் நடந்தே வந்தார். அண்ணன் பழக்கத்தில் தம்ளரில் இரண்டாவது கரண்டியைப் போடப் போனார். "எனக்கு ஒண்ணு போதும்பா" என்றார் அப்பா. கரண்டியை டப்பாவிலேயே விட்டுவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அந்த அண்ணன் அப்படியே நின்றார். அன்றைக்குத்தான் எங்களிடம் காசு வாங்கினார், ஒரே ஒரு டீக்கு.