ஒன்பது பொருத்தம்

அன்புள்ள கண்ணுவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று தொடங்கப் போனேன், கை நின்றுவிட்டது. நீ நலமா?

இங்கே காஞ்சிபுரத்தில் நாலு நாளாக மழை. பிள்ளையார்பாளையம் முழுக்கத் தறிக்குழியில் ஈரம் ஏறிவிட்டது. அப்பா சும்மா உட்கார்ந்திருக்கிறார். அத்தை வீட்டுக் கிரகப்பிரவேசம் தை மாதம் வைத்திருக்கிறார்கள். உனக்கு என்ன நிறத்தில் சேலை வேண்டும் என்று கேட்டேனே, நீ இன்னும் சொல்லவில்லை. சரி, அது இருக்கட்டும்.

ஆடிப்பெருக்குக்கும் தனியாக வந்தாய். தீபாவளிக்கும் தனியாக வந்தாய். மாப்பிள்ளைக்கு லீவு இல்லை என்றாய், நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. ராத்திரி பாத்திரம் கழுவும்போது நீதான் கேட்டாய்: "அம்மா, நீயும் அப்பாவும் சோல்மேட்டா?" அப்புறம் அந்தக் கிரேக்கக் கதையைச் சொன்னாய். ஆதியில் மனுஷனுக்கு நாலு கை, நாலு கால், ரெண்டு முகம். அவன் ஆட்டம் தாங்காமல் சாமி நடுவில் வெட்டிவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு பாதியும் தன் மறுபாதியைத் தேடி அலைகிறது என்று பிளேட்டோ எழுதி வைத்திருக்கிறார் என்றாய். நான் உடனே, "ஆமாம், எங்களுக்கு ஏழு ஜென்மத்து பந்தம், ஒரு வார்த்தை மாறினதில்லை" என்றேன். நீ அதற்கப்புறம் பேசவில்லை. ஒரே தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாய்.

நான் சொன்னது பொய், கண்ணு.

1991-இல் பங்குனி உத்திரத்தன்று ஏகாம்பரநாதர் கோயிலில் எங்களுக்குக் கல்யாணம். சுவாமிக்கும் அம்பாளுக்கும் திருக்கல்யாணம் ஆகிற அன்றைக்கே எத்தனையோ ஜோடிகள் தாலி கட்டிக்கொள்வார்களே, அதில் நாங்களும் ஒரு ஜோடி. எனக்கு ஜாதகமே கிடையாது. பிறந்த நேரத்தை யாரும் குறித்து வைக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அப்பா முகத்தை ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். மறு வாரமே என்னைத் தறியில் வலப்பக்கம் உட்கார வைத்தார்கள்.

கோர்வைச் சேலைக்குக் குறுக்கு நூலை ஓட்ட மூன்று நாடா என்று உனக்குத் தெரியும். உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. அப்பா இடப்பக்கத்திலிருந்து உடல் நாடாவை விடுவார். அது வந்து சேருகிற இடத்தில் நான் என் கரை நாடாவின் இழையைக் கோத்துத் திருப்பிவிட வேண்டும். கொஞ்சம் இறுக்கி இழுத்தால் கரை சுருங்கிவிடும். தளர்த்தினால் உடலுக்கும் கரைக்கும் நடுவில் இடைவெளி விழும். எனக்குக் கை வரவே இல்லை. அவர் வேகம் எனக்கு எட்டாது, என் நிதானம் அவருக்குப் பொறுக்காது. ஒருநாள் கல்யாணச் சேலை ஒன்றில் கரை முழுக்கச் சுருங்கிப்போய், நெய்யக் கொடுத்தவர்கள் கூலியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். அன்றைக்கு உன் பாட்டி எதிரிலேயே அப்பா, "கை வராதவளை என் தலையில் கட்டி வைத்துவிட்டார்கள்" என்றார். அதற்கு முன்னால் சொன்னதெல்லாம் வேறு. இது ஆறவில்லை.

உனக்கு அப்போது ரெண்டு வயது. உன்னைத் தூக்கிக்கொண்டு என் அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். நாலு மாதம். நீ ஆத்தா வீட்டில் கோழிக்குஞ்சோடு விளையாடினதாகச் சிரித்துச் சிரித்துச் சொல்வேனே, அது இந்த நாலு மாதம்தான். என் அம்மா கதவைத் திறந்து, "சாப்பிட்டியா?" என்று மட்டும்தான் கேட்டாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு அப்பா வந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "வேற ஆள் உட்கார்ந்தா கை சேரல, நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றார். நான் அவருக்கென்றே பிறந்தவள் என்பதாலா அவருக்குக் கை சேராமல் போனது? மூன்று வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அதனால்தான். அன்றிலிருந்து அவரும் வேகத்தைக் குறைத்தார். அவர் குறைக்காமல் இருந்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. இடப்பக்கத்து ஆள் நாடாவை விடவே இல்லை என்றால் வலப்பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் தனியாக என்ன செய்ய முடியும்?

நேரத்துக்குச் சாப்பிடு. பெங்களூர் குளிருக்கு வெறும் தரையில் படுக்காதே. பொறுமையாக இரு என்று எழுதி, அதை அடித்துவிட்டேன் பார், மை தெரியும்.

வீட்டு மேல் இருந்த கடனை 27 வயதில் அடைத்தவள் நீ. தெருவில் உன்னைப் பற்றிச் சொல்லாத நாளில்லை. அவ்வளவு தைரியமான பெண், தன்னைப் பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கோபமாகத்தான் இந்தக் கடிதத்தையே எடுத்தேன். எழுத எழுத ஆடிப்பெருக்கு ராத்திரி ஞாபகத்துக்கு வந்துவிட்டது. மொட்டை மாடியில் நீ, "அம்மா, அவரும் நானும் பேசிக்கிறதே இல்லம்மா" என்று ஆரம்பித்தாய். நான் உன்னை முடிக்க விடவில்லை. "பத்துக்கு ஒன்பது பொருத்தம், ரஜ்ஜு தட்டாத ஜாதகம், எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுக் காய்ந்த துணியை எடுக்கப் போய்விட்டேன். துணி ஒன்றும் காயவில்லை. ஊர் முழுக்க அந்த ஒன்பதைச் சொல்லிப் பெருமைப்பட்டுவிட்டேன், அது தப்பாகிவிடுமோ என்று பயந்தேன். என் அம்மா எனக்குச் செய்ததை நான் உனக்குச் செய்யவில்லை.

நீ சேர்ந்து இருக்க வேண்டும் என்றோ பிரிய வேண்டும் என்றோ நான் எழுதவில்லை. மாப்பிள்ளை மனசு எனக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரியும். அன்றைக்கு நீ விட்ட இடத்திலிருந்து சொல்லு, கேட்கிறேன். போனில் வராது என்றால் வந்துவிடு. அப்பாவிடம் ஒன்றும் விவரிக்க வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன். ராத்திரி பஸ் என்றால் வெள்ளைகேட்டில் இறங்கு. எத்தனை மணியானாலும் அப்பா வண்டியோடு நிற்பார்.

அம்மா