சிறுவர் சீட்டுடன் விற்கப்படும், சிறுவர் ஏற முடியாத ராட்டினங்கள்: பொழுதுபோக்குப் பூங்கா நிர்வாகத்துக்குப் புகார் கடிதம்

அனுப்புநர்:
முன்பதிவு செய்த வாடிக்கையாளர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
பொது மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
பொழுதுபோக்குப் பூங்கா நிர்வாகம், சென்னை.

பொருள்: முன்பதிவின்போது ராட்டினங்களையும் உணவகத்தையும் தேர்ந்தெடுப்பதற்குத் தேவையான விவரங்களை மறைத்தது, பின்னர் பணத்தைத் திருப்பித் தர மறுத்தது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த காலாண்டுத் தேர்வு விடுமுறையில் நானும் என் கணவரும், என் மாமியாரும், பிள்ளைகள் இருவரும் தங்கள் பூங்காவுக்கு வந்திருந்தோம். வருவதற்கு முன்பே தங்கள் இணையதளத்தில் நுழைவுச் சீட்டுடன் சேர்த்து நான்கு ராட்டினங்களுக்கு, பொது வரிசையில் நிற்காமல் ஏறுவதற்கான விரைவு அனுமதியும், ஓர் உணவகத்தில் மதியச் சாப்பாடும் தேர்ந்தெடுத்து முழுத் தொகையையும் செலுத்தியிருந்தோம். தேர்ந்தெடுப்பதற்கு எந்த விவரங்கள் வேண்டுமோ அவை அனைத்தும் தங்கள் வசம் இருந்தும், தேர்ந்தெடுக்கும் பக்கத்தில் அவற்றில் ஒன்றுகூடக் காட்டப்படவில்லை. பூங்காவுக்குள் நுழைந்த பிறகு அவை ஒவ்வொன்றாகத் தெரியவந்தபோது, "நீங்கள் தேர்ந்தெடுத்ததுதானே" என்று சொல்லி, மாற்றித் தரவும் பணத்தைத் திருப்பவும் தங்கள் ஊழியர்கள் மறுத்துவிட்டனர். இதுவே என் புகாரின் சாரம்.

சென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு ராட்டினம் தவறிப்போனால் அடுத்த மாதம் வந்து ஏறிக்கொள்ளலாம். நாங்கள் விடியுமுன் காட்பாடியில் கிளம்பி, ராணிப்பேட்டை, வாலாஜா, காவேரிப்பாக்கம் வழியாக நூறு கிலோமீட்டருக்கு மேல் வந்து, இருட்டிய பிறகு அதே சாலையில் திரும்ப வேண்டியவர்கள். வயதான ஒருவரையும் சிறு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, எங்கே வரிசை குறைவு, எங்கே சாப்பாடு என்று வெயிலில் தேடி அலைய முடியாது என்பதால்தான், கூடுதல் செலவானாலும் பரவாயில்லை என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே முடிவு செய்து வந்தோம். அந்த வசதியைத்தான் தாங்கள் விற்கிறீர்கள்; நாங்களும் அதை நம்பித்தான் வாங்கினோம்.

முதலில் ராட்டினங்களைப் பற்றிச் சொல்கிறேன். தங்கள் கட்டண விதிப்படி 140 செ.மீ.க்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகளுக்குச் சிறுவர் சீட்டு. முன்பதிவுப் படிவம் ஒவ்வொரு பிள்ளையின் உயரத்தையும் கேட்டது. மகனுக்கு 132 என்றும் மகளுக்கு 114 என்றும் நிரப்பினேன். உடனே இருவருக்கும் சிறுவர் கட்டணம் கணக்கிடப்பட்டது. அடுத்த பக்கத்திலேயே, தலைகீழாகச் சுழன்று வரும் பெரிய ரோலர் கோஸ்டருக்கும், கோபுர உச்சியிலிருந்து விழும் ராட்டினத்துக்கும் விரைவு அனுமதி வாங்கிக்கொள்ளுமாறு அதே இரு பிள்ளைகளின் பெயருக்கும் எதிரே காட்டப்பட்டது. நான்கு ராட்டினங்கள் சேர்ந்த தொகுப்பு, ஒருவருக்கு ₹800. மாமியாரைத் தவிர்த்து நால்வருக்கும் வாங்கினோம்.

இவ்விரு ராட்டினங்களிலும் ஏறுவதற்குக் குறைந்தது 140 செ.மீ. உயரம் வேண்டும் என்ற பலகை, வரிசை முடிந்து படியேறும் இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அப்படியானால், தங்கள் பூங்காவில் சிறுவர் சீட்டு பெறத் தகுதியுள்ள எந்தப் பிள்ளையும், எந்த நாளிலும், இவ்விரண்டிலும் ஏறவே முடியாது. ஏறவே முடியாத ஒன்றுக்கான அனுமதியைச் சிறுவர் சீட்டுடன் இணைத்து விற்பதற்கு என்ன விளக்கம் தரப் போகிறீர்கள் என்பதை எழுத்தில் அறிய விரும்புகிறேன். கட்டணத்தைக் கணக்கிடுவதற்குப் பயன்பட்ட அதே எண், தகுதியைக் கணக்கிடுவதற்குப் பயன்படாமல் போனது தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

தொகுப்பில் மூன்றாவதான சுழலும் கிண்ணங்களுக்கு 120 செ.மீ. வேண்டும் என்பதால் மகள் அதிலும் ஏறவில்லை. நான்காவது ராட்டினம் பராமரிப்புக்காக மூடப்பட்டிருந்தது. அன்று காலையில்தான் பழுதானது என்றால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். வாயிலில் நின்ற காவலாளி, "போன வாரத்துலேர்ந்தே ஓடலைங்க" என்று உள்ளதைச் சொன்னார். நாங்கள் பணம் செலுத்தியது வருவதற்கு முந்தைய நாள் இரவு.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். என் பிள்ளைகளை ஏற்ற மறுத்த ஊழியர்கள் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. தோளையும் தொடையையும் அழுத்திப் பிடிக்கும் தடுப்புகள் குறிப்பிட்ட உடல் அளவை மனதில் வைத்துச் செய்யப்படுபவை என்பதும், உயரம் போதாத பிள்ளை இருக்கையிலிருந்து நழுவக்கூடும் என்பதும் எனக்குத் தெரியும். மகன் அழுதபோதும் அந்தப் பெண் ஊழியர் விதியைத் தளர்த்தாமல், அதே சமயம் தன்மையாகவும் பேசினார். அவரைப் பாராட்டவே வேண்டும். ஆனால் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பொருட்காட்சியில் ராட்டினம் சுற்றுபவர்கூட, பிள்ளையை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்து, "இதுக்கு வேணாம்மா, அந்தக் குதிரையில ஏத்துங்க" என்று சொல்லிவிட்டுத்தான் காசுக்குக் கை நீட்டுவார். தாங்கள் காசை வாங்கிக்கொண்டு உயரத்தைப் பிறகு பார்க்கிறீர்கள்.

எதற்கு விரைவு அனுமதி வாங்குவது, எதற்கு வேண்டாம் என்று முடிவு செய்வதற்குத் தங்கள் தளம் தந்த ஒரே வழிகாட்டுதல், ஒவ்வொரு ராட்டினத்துக்கும் எதிரே போடப்பட்டிருக்கும் 'வழக்கமான காத்திருப்பு நேரம்' என்ற எண். உயரத்திலிருந்து தண்ணீரில் சறுக்கி இறங்கும் படகுக்கு 20 நிமிடம் என்று இருந்ததால், அதற்குப் பொது வரிசையே போதும் என்று விட்டுவிட்டோம். மகள் ஏறக்கூடிய பெரிய ராட்டினம் அது ஒன்றுதான் என்பது அங்கே போன பிறகு தெரிந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். நிற்கும்போது வேறு வேலை இல்லாததால் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரு படகில் 20 பேர், ஏறி, பட்டை மாட்டி, கிளம்ப ஏறக்குறைய 5 நிமிடம், ஆக மணிக்கு 12 படகுகள், 240 பேர். 20 நிமிடத்தில் ஏறக்கூடியவர்கள் 80 பேர் மட்டுமே. எங்களுக்கு முன்னால் முந்நூறு பேராவது இருந்திருப்பார்கள். அதிலும் விரைவு அனுமதி உள்ளவர்களுக்கு முதலில் இடம் ஒதுக்கப்படுகிறது. பள்ளி விடுமுறை நாளில் அந்த வரிசை 80 பேரைத் தாண்டாது என்று பூங்காவை நடத்துபவர்கள் எப்படி நினைத்திருக்க முடியும்? வேலூர் வெயிலுக்குப் பழகிய எங்களுக்கே தகரக் கூரைக்கடியில் அந்த நேரம் தாங்க முடியாததாக இருந்தது.

உணவக விஷயத்தில் நடந்தது இதைவிட மனவருத்தம் தந்தது. காலாண்டு விடுமுறை பெரும்பாலும் புரட்டாசியில்தான் வரும். ஆம்பூர்ச் சாலையின் பிரியாணிக் கடைகளிலேயே கூட்டம் குறைந்துவிடும் மாதம் அது. என் மாமியார் அந்த மாதம் முழுவதும் அசைவம் சமைத்த பாத்திரத்தைக்கூடத் தொடாதவர். ஆகவே, தங்கள் தளத்தில் பச்சை அடையாளத்துடன் 'தனிச் சைவ உணவகம், தனிச் சமையலறை' என்று போட்டிருந்த இடத்தையே, ஒருவருக்கு ₹600 வீதம் ஐவருக்கும், 12.45 மணி நேரப் பிரிவில் தேர்ந்தெடுத்தேன். போய்ப் பார்த்தால் அந்த உணவகத்தின் கதவு பூட்டியிருந்தது. அதன் சீட்டுகள் பல்வகை உணவுக் கூடத்தில் ஏற்கப்படும் என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அங்கே சாம்பார் சாதத்துக்கும் சிக்கன் குழம்புக்கும் நடுவே இரண்டு அடி இடைவெளி. கரண்டிகள் இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் போய்வந்துகொண்டிருந்தன. மாமியார் எதையும் தொடவில்லை. அவருக்காகப் பூங்காவின் மறுகோடியில் இருந்த சிற்றுண்டிச் சாலையில் ₹260 கொடுத்துத் தயிர்சாதமும் இட்லியும் வாங்கினோம். அந்த ரசீதில் எங்களைக் கேட்காமலே ₹26 சேவைக் கட்டணம் சேர்க்கப்பட்டிருந்தது. சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல்களை, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்திருக்கிறது. மேலும், உணவு ரசீதுகளில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்க வேண்டும் என்ற விதி 2022 முதல் நடைமுறையில் உள்ளது. தங்கள் ரசீதில் அந்த எண்ணைக் காணவில்லை.

நேரப் பிரிவுகளை ஒதுக்கியதும் தங்கள் தளமே. 12.45க்குச் சாப்பாடு என்று குறித்த அதே கணினி, சுழலும் கிண்ணங்களுக்கு 1.30 மணியைத் தந்தது. வேறு நேரம் காலியில்லை என்றது. சாப்பிட்ட கையோடு பிள்ளையைச் சுற்றவிட்டால் என்ன ஆகும் என்பது வீட்டில் பிள்ளை வளர்த்த யாருக்கும் தெரியும். அதுவேதான் ஆனது, மகன் பிறகு வெகுநேரம் தலை நிமிரவில்லை.

தண்ணீர் விளையாட்டுப் பகுதியில் பருத்தி உடைக்கு அனுமதி இல்லை என்பதையும் வாயிலில்தான் சொன்னார்கள். அங்கேயே வேறு உடைகள் வாங்க வேண்டியதாயிற்று. பருத்தி இழைகள் பிரிந்து வடிகட்டிகளை அடைக்கும், நனைந்தால் உடை கனத்துவிடும் என்ற காரணங்கள் நியாயமானவை. அவற்றை முன்பே சொல்லியிருந்தால் வேலூரிலேயே பாதி விலைக்கு வாங்கி வந்திருப்போம். அந்தத் தொகையை நான் திருப்பிக் கேட்கவில்லை. உடைகள் எங்களிடம் இருக்கின்றன.

விவரங்களைத் தேடிப் படித்திருக்கலாமே என்று தங்கள் அலுவலர் கேட்டார். தேர்ந்தெடுக்கும் பக்கத்தின் மேலே, 'இந்த விலை இன்னும் 10 நிமிடங்களுக்கு மட்டும்' என்று ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. ஊர் திரும்பிய பிறகு வேறொரு கைபேசியில் அதே பக்கத்தைத் திறந்தேன். அதே விலை, அதே 10 நிமிடம், புதிதாக ஓடத் தொடங்கியது. இல்லாத அவசரத்தை உண்டாக்கி வாங்க வைப்பது, 'டார்க் பேட்டர்ன்' எனப்படும் ஏமாற்று உத்திகளைத் தடை செய்து 2023 நவம்பர் 30 அன்று வெளியிடப்பட்ட வழிகாட்டுதல்களில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. தேவையான தகவலை வேண்டுமென்றே தராமல் வைத்திருப்பதும் சேவைக் குறைபாடே என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 2(11) கூறுகிறது.

அன்று மாலை வாடிக்கையாளர் சேவை முகப்பில் நாங்கள் முறையிட்டபோது பிள்ளைகளுக்கு இரண்டு ஐஸ்கிரீம் கூப்பன்கள் நீட்டப்பட்டன; நாங்கள் வாங்கவில்லை. பின்னர் அனுப்பிய மின்னஞ்சலுக்கு, தங்கள் கருத்துக்கு நன்றி என்ற ஒற்றை வரிப் பதில் வந்தது. அதனால்தான் இக்கடிதத்தை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

நான் கேட்பது இதுதான். நால்வருக்கும் வாங்கிய விரைவு அனுமதியில் என் கணவரும் மகனும் சுழலும் கிண்ணங்களில் ஏறியதற்கான ₹400 நீங்கலாக மீதி ₹2,800, மாமியார் உண்ணாத சாப்பாட்டுக்கு ₹600, சேவைக் கட்டணம் ₹26, ஆக மொத்தம் ₹3,426 எனக்குத் திருப்பித் தரப்பட வேண்டும். அதைவிட முக்கியமாக, பிள்ளையின் உயரத்தைப் படிவத்தில் நிரப்பியவுடன் அந்தப் பிள்ளை ஏறக்கூடிய ராட்டினங்கள் மட்டுமே விற்பனைப் பக்கத்தில் தெரியும்படி செய்ய வேண்டும். மூடியிருக்கும் ராட்டினங்களையும் உணவகங்களையும் அன்றன்றே பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். உயரத்தை ஏற்கெனவே கேட்டு வாங்கும் தளத்துக்கு இது பெரிய வேலையாக இருக்காது.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு அளிப்பேன். வழக்குகள் சென்னையில் மட்டுமே என்று தங்கள் சீட்டின் பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்த்தேன். புகார்தாரர் தாம் வசிக்கும் இடத்திலேயே மனு அளிக்கலாம் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 34 அனுமதிக்கிறது, ₹5 லட்சம் வரையிலான புகாருக்குக் கட்டணமும் கிடையாது.

முன்பதிவு ரசீது, இரண்டு உணவு ரசீதுகள், உயரப் பலகைகள் மற்றும் பூட்டிய உணவகத்தின் புகைப்படங்கள், கடிகாரம் ஓடும் பக்கத்தின் இரு வேறு நாட்களின் திரைப்பிரதிகள் ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்துள்ளேன். அசல்கள் என்னிடம் உள்ளன.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
காட்பாடி