வெப் புரோகிராமிங் வீடியோ பயிற்சியில் காலாவதியான பாடங்கள்: புகார் கடிதம்

அனுப்புநர்:
தங்கள் பயிற்சியின் வாடிக்கையாளர்,
சிவகாசி.

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
இணையவழிப் பயிற்சி நிறுவனம்.

பொருள்: ‘2025 புதிய பதிப்பு’ என்று விற்கப்பட்ட பயிற்சியில் வழக்கொழிந்த, பாதுகாப்பற்ற பாடங்கள் இருப்பது – திருத்தமும் கட்டணத்தைத் திரும்பத் தருவதும் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். தங்கள் தமிழ்வழி வெப் டெவலப்மென்ட் வீடியோ பயிற்சியில் 4,999 ரூபாய் கட்டிச் சேர்ந்திருக்கிறேன். விளம்பரத்திலும் பயிற்சியின் முகப்பிலும் ‘2025 புதிய பதிப்பு’ என்று போட்டிருந்தீர்கள். அதை நம்பித்தான் பணம் கட்டினேன். இணையதளத்தின் பின்னணி வேலைகளை எழுதப் பயன்படும் பிஎச்பி மொழிப் பகுதிக்கு வந்த பிறகுதான் தெரிகிறது, உள்ளே இருப்பவை பல ஆண்டுகளுக்கு முன் பதிவு செய்த பாடங்கள். முகப்பில் ஆண்டை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள்.

இதற்குச் சாட்சி உங்கள் வீடியோவே. பிஎச்பியை நம் கணினியிலேயே ஓட்டிப் பார்க்க ஆசிரியர் திறந்து காட்டும் ஸாம்ப் மென்பொருளில் பிஎச்பி 5.6 என்று திரையில் தெளிவாகத் தெரிகிறது. அந்தப் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது 2018 டிசம்பரோடு நின்றுவிட்டது. இன்று ஸாம்ப்பை இறக்குபவருக்குக் கிடைப்பது பிஎச்பி 8. விவரங்களைச் சேமிக்கும் டேட்டாபேஸோடு இணைக்க மைஎஸ்கியூஎல்_கனெக்ட் (mysql_connect) என்ற ஃபங்ஷனை, அதாவது பிஎச்பியில் இருந்த ஆயத்தக் கட்டளையை, சொல்லித் தருகிறீர்கள். அதை விட்டுவிடும்படி 2013இல் வந்த பிஎச்பி 5.5லேயே எச்சரித்து, 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7இல் அடியோடு நீக்கிவிட்டார்கள். ஆகவே வீடியோவில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் அடித்தாலும், அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை என்ற எரர்தான் வரும்.

வேலை தெரிந்தவர் ஒரு நிமிடத்தில் காரணத்தைப் பிடித்துவிடுவார். ஆனால் நீங்கள் விற்பது வேலை தெரிந்தவருக்கு அல்லவே. ‘கோடிங் என்றால் என்னவென்றே தெரியாதவர்களும் சேரலாம்’ என்று சொல்லித்தானே அழைக்கிறீர்கள்? அப்படி வருபவர் பாடத்தைச் சந்தேகிக்க மாட்டார், தன்னைத்தான் சந்தேகிப்பார். செமிகோலன் விட்டுப்போனதா, எழுத்து மாறிவிட்டதா என்று ராத்திரியெல்லாம் தேடிவிட்டு, ‘நமக்கு இது வராது’ என்று மூடி வைத்துவிடுவார். பாடத்தின் கீழே உள்ள கேள்விப் பகுதியில் இதே எரரைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள். அவர்களில் யாருக்கும் உருப்படியான பதில் இல்லை. எனக்கு உங்கள் உதவிப் பிரிவு முதலில் பிரவுசர் கேஷை (பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் பழைய பக்கங்களை) அழிக்கச் சொன்னது. மறுபடி எழுதியதற்கு, பழைய பிஎச்பியை இறக்கி நிறுவிக்கொள்ளச் சொன்னது. பாதுகாப்புத் திருத்தமே வராத மென்பொருளைப் போட்டுக்கொள்ளச் சொல்வது உதவியா?

இதைவிடப் பெரிய குறை லாகின் பாடத்தில் இருக்கிறது. என் புகாரின் மையமே அதுதான். பயனர் தட்டச்சு செய்யும் பெயரை அப்படியே, டேட்டாபேஸுக்குக் கட்டளையிடும் எஸ்கியூஎல் வரிக்குள் ஒட்டிவிடச் சொல்கிறார் ஆசிரியர். அந்தப் பெட்டியில் பெயருக்குப் பதிலாக ஒரு மேற்கோள் குறியும், ‘அல்லது 1=1’ என்று பொருள்படும் கட்டளையும் போட்டால், பாஸ்வேர்ட் தெரியாதவரும் உள்ளே நுழைந்துவிடலாம். எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன் என்ற இந்தத் தாக்குதல் 1990களின் இறுதியிலிருந்தே எல்லோருக்கும் தெரிந்தது. வரியைத் தனியாகவும் மதிப்பைத் தனியாகவும் அனுப்பும் பிரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட் முறையில் எழுதினால் இது நடக்காது. கூடுதலாக நாலைந்து வரிகள்தான். அந்தப் பெயரே உங்கள் பயிற்சியில் எங்கும் வரவில்லை. பாஸ்வேர்டையும் எம்டி5 என்ற பழைய முறையில் உருமாற்றிச் சேமிக்கச் சொல்கிறீர்கள். எம்டி5 மிக வேகமாகக் கணக்கிடக் கூடியது. திருடியவர் கையில் பட்டியல் கிடைத்தால் சாதாரண பாஸ்வேர்டுகளைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார். பாஸ்வேர்டைப் பாதுகாப்பாகச் சேமிப்பதற்கென்றே பாஸ்வேர்ட்_ஹாஷ் என்ற ஃபங்ஷன் 2013 முதல் பிஎச்பியிலேயே இருக்கிறது.

நான் இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், நான் வேலை செய்வது ஒரு அச்சகத்தில். ஆடிப் பெருக்கன்று புத்தாண்டுக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியானதும் ஆர்டர் வரத் தொடங்கும். கடைக்காரர்களின் பெயர், போன் நம்பர், அட்வான்ஸ் தொகை எல்லாவற்றையும் பதிவு செய்யும் பக்கத்தை நாமே எழுதலாம் என்றுதான் படிக்க வந்தேன். உங்கள் பாடத்தை அப்படியே வைத்து எழுதியிருந்தால் அத்தனை பேரின் விவரமும் வெளியே போக வழி திறந்திருக்கும். என்னைப் போல எத்தனை சிறு கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் உங்கள் மாணவர்கள் எழுதிக் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு உண்மையாகவே கவலையாக இருக்கிறது.

பிற பகுதிகளிலும் இதே கதைதான். வெப் பக்கங்களை உருவாக்க உதவும் ரியாக்ட் பற்றிய பாடம், அதைத் தொடங்கித் தரும் கிரியேட் ரியாக்ட் ஆப் என்ற கருவியில் தொடங்குகிறது. புதிதாக எழுதும் ஆப்களுக்கு அந்தக் கருவி வேண்டாம் என்று ரியாக்ட் குழுவே 2025 பிப்ரவரியில் அறிவித்துவிட்டது. எழுதிய தளத்தை இணையத்தில் இலவசமாக ஏற்றலாம் என்று நீங்கள் காட்டும் ஹெரோகு சேவை, 2022 நவம்பரிலேயே இலவசத் திட்டத்தை நிறுத்திவிட்டது.

நல்லதையும் சொல்ல வேண்டும். எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட் அடிப்படைப் பாடங்கள் அருமை. லூப், அர்ரே இரண்டையும் இவ்வளவு தெளிவாகத் தமிழில் வேறெங்கும் நான் கேட்டதில்லை. இப்படிச் சொல்லித்தரத் தெரிந்த ஆசிரியர் உங்களிடம் இருக்கும்போது, அவரை உட்காரவைத்துப் பழைய பாடங்களை மறுபடி பதிவு செய்யாமல் விட்டது ஏன்? ஆங்கிலத்தில் படிக்க முடிந்தவர் இன்னொரு வீடியோவைத் தேடிப் போய்விடுவார். தமிழை நம்பி வந்தவருக்கு நீங்கள் சொல்வதே பாடம்.

கட்டணத்தைத் திரும்பக் கேட்டேன். முப்பது சதவீதத்துக்கு மேல் பார்த்துவிட்டதால் விதிப்படி முடியாது என்கிறீர்கள். காலாவதியான பாடங்கள் தொடங்குவதே பாதிக்கு மேல்தான். குறை கண்ணில் படும் முன்பே உரிமை முடிந்துவிடும்படி ஒரு விதியை வைத்துக்கொண்டு, அதையே பதிலாகத் தருவதை நான் ஏற்கவில்லை.

ஆகவே என் கட்டணத்தை முழுமையாகத் திருப்பித் தரக் கோருகிறேன். அதைவிட அவசரமாக, லாகின் பாடத்தின் தொடக்கத்திலேயே ‘இந்த முறை பாதுகாப்பற்றது, பயன்படுத்த வேண்டாம்’ என்ற அறிவிப்பை இந்த வாரமே போடுங்கள். ஏற்கெனவே படித்து முடித்தவர்களுக்கும் மின்னஞ்சலில் தெரிவியுங்கள். பிறகு அந்தப் பாடத்தை மறுபதிவு செய்யுங்கள். ஒவ்வொரு பாடத்தின் கீழும் அது பதிவான மாதமும் ஆண்டும், பயன்படுத்திய பதிப்பு எண்ணும் இருக்கட்டும். அதுவரை முகப்பில் உள்ள ‘2025’ஐ எடுத்துவிடுங்கள்.

நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், 2020இன்படி இந்தப் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். தவறினால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், நான் வசிக்கும் விருதுநகர் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலும் தவறான விளம்பரம், சேவைக் குறைபாடு ஆகியவற்றின் பேரில் முறையிடுவேன்.

கட்டண ரசீது, விளம்பரத்தின் நகல், பிஎச்பி பதிப்பு தெரியும் வீடியோவின் ஸ்கிரீன்ஷாட்டுகள், உதவிப் பிரிவின் பதில்கள் ஆகியவற்றை இணைத்துள்ளேன். பதிலை என் பதிவு மின்னஞ்சலுக்கு எழுத்துப்பூர்வமாக அனுப்பவும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
(பெயரும் பதிவு எண்ணும் இணைத்துள்ள ரசீதில்)