கடற்கரைச் சாலையில் சுண்டல் விற்கும் அக்காவுக்கு

புதுச்சேரிக்குக் குடிவந்து 20 நாள்தான் ஆகிறது. இன்னும் யாரையும் தெரியாது. மூன்று வயது மகனை வீட்டுக்குள் அடைத்து வைக்க முடியாமல் நேற்று கடற்கரைச் சாலைக்குக் கூட்டிப்போனேன். மாலை 6 மணிக்கு மேல் அங்கே வண்டிகளை விடுவதில்லை, பயமில்லாமல் ஓடவிடலாம். காந்தி சிலையைத் தாண்டி ஓரச் சுவரில் உட்கார்ந்து காலை ஆட்டியதில், ஒரு செருப்பு கருங்கல் இடுக்கில் விழுந்துவிட்டது. ஒரே அழுகை. (விளக்கு எரியும் செருப்பு. வாங்கிக் கொடுத்தது என் தப்பு.)

கூடையை இறக்கி வைத்துவிட்டு நீங்கள் வந்தீர்கள். "நீ இறங்காதம்மா, பாறை வழுக்கும்" என்று என்னைத்தான் அதட்டினீர்கள். குடையின் வளைந்த பிடியை இடுக்கில் விட்டுத் துழாவினீர்கள். இரண்டு தடவை நழுவியது, மூன்றாவதில் மாட்டியது. முந்தானையில் ஈரத்தைத் துடைத்து நீங்களே அவன் காலில் போட்டும் விட்டீர்கள். அப்புறம் சுண்டல் வாங்கியபோது பொட்டலத்தின் மேல் ஒரு மாங்காய்க் கீற்று. அதற்குக் காசு வேண்டாம் என்றீர்கள்.

பதற்றத்தில் உங்கள் பேரைக்கூடக் கேட்கவில்லை. ரொம்ப நன்றி அக்கா. காலையிலிருந்து இவன் "சுண்டல் பெரியம்மாகிட்ட போலாம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறான். சாயந்திரம் வருகிறோம்.